பத்து வாரச் சட்டம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சேகர்,

முழங்கால் தேவலையா? கோர்ட்டுப் படி ஏறுவதைக் குறை என்றால் நீ கேட்கப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். கவுன்சில் வரி (நம் ஊர் நகராட்சி வீட்டு வரி மாதிரி) கட்டி எட்டு மாதம் ஆகிறதாம். கவுன்சிலுக்கு அனுப்பப்போகும் கடிதத்தை நான் சரிபார்க்க வேண்டுமாம். நான் ஒரு வழக்கில்கூட ஆஜராகாதவன் என்று சொல்லியும் விடவில்லை.

நாடாளுமன்றம் போடும் சட்டம் வெறும் ஒப்பந்தம், நான் கையெழுத்துப் போடாததால் என்னைக் கட்டுப்படுத்தாது. வரி நோட்டீஸில் முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் இருக்கும் பெயர் நான் அல்ல, அரசு உண்டாக்கிய பொம்மை. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 61ஆம் பிரிவு: அரசு தவறினால் யாரும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டாமாம். இதுதான் கடிதம்.

அந்தப் பிரிவின் கதை உனக்குப் பிடிக்கும். 1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னன் ஒப்புக்கொண்டது. அவன் வாக்குத் தவறினால் கோட்டையையும் நிலத்தையும் பறிக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வது 25 பிரபுக்கள். மற்றவர்கள் அவர்கள் சொல்படி நடக்கலாம், அவ்வளவுதான். ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனமே செல்லாது என்றுவிட்டார். அடுத்த வருடம் மறுபடி வெளியிட்டபோது அந்தப் பிரிவு இல்லை, பிறகு திரும்பவும் இல்லை. ஆயுசு பத்து வாரம்! 2021 ஆகஸ்டில் இதையே சொல்லி ஒரு கூட்டம் எடின்பரோ கோட்டையைக் 'கைப்பற்ற' உள்ளே போனது. ஸ்காட்லாந்தில் மாக்னா கார்ட்டா என்றுமே சட்டமாக இருந்ததில்லை.

கேசவானந்த பாரதி என்றால் நீ விடிய விடியப் பேசுவாய். 1973இல் அந்த வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றக்கூடாது என்று நம் நாடாளுமன்றத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். இங்கே அந்தக் கோடு கிடையாது. மறு வருடமே, நாடாளுமன்றத்தை ஏமாற்றி நிறைவேற்றிய ரயில்வே சட்டம் என்று ஒருவர் வழக்காடியபோது, அதை விசாரிப்பது கோர்ட்டின் வேலை இல்லை என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கைவிரித்தது. மாக்னா கார்ட்டாவில் இன்று மிஞ்சியிருக்கும் மூன்று நான்கு பிரிவுகளும் நாடாளுமன்றம் ரத்து செய்யாமல் விட்டுவைத்தவைதான். இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்னைவிட அவருக்குத்தான் சட்டத்தின்மேல் நம்பிக்கை அதிகம். சரியான சொல்லைச் சரியான வரிசையில் எழுதினால் கவுன்சில் ஓடிவிடும் என்று நினைக்கிறார், பேய்க்குத் தாயத்து கட்டுகிற மாதிரி. கோபம் எல்லாம் அந்தத் தாயத்தைக் காசுக்கு விற்றவன்மேல். 2012இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஜான் ரூக் என்ற நீதிபதி ஒரு விவாகரத்து வழக்கில் இந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தார், விற்கிற 'குரு'க்களையும் சேர்த்து. கிடைத்தால் படி, உனக்கு ஒரு வாரம் பொழுது போகும்.

கட்டின் அடியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் உத்தரவு கிடந்தது. பாக்கியோடு செலவுத்தொகையும் ஏறியிருக்கிறது. ஜப்தி செய்ய பெயிலிஃப் வருவதற்குள் தவணை கேட்டுப் பார்ப்போம் என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சம்மதித்தார், ஆனால் கையெழுத்தைச் சிவப்பு மையில்தான் போடுவாராம். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
மணி