தாமதத்துக்குக் கோபப்படுகிறோம், இறக்கையில் பனியைக் கண்டால் வாய் திறப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் வாசகர் பகுதியில் ஒரு ஐயா எழுதியிருந்தார். ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வரும்போது விமானத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் அப்படியே வைத்திருந்தார்களாம், இறக்கைக்கு ஏதோ மருந்து அடித்தார்களாம், அடித்து முடித்து வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பவும் கொண்டுபோய் இரண்டாம் தரம் அடித்தார்களாம், இதெல்லாம் பயணிகளை மதிக்காத அலட்சியம் என்று முடித்திருந்தார். அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, கைக்குழந்தையோடு ஒரு இரவு முழுக்க வேறு ஊரில் கிடந்தவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மருந்தை அடிக்கிற வேலையை எட்டுக் குளிர்காலம் அங்கே செய்துவிட்டு, இப்போது உப்புவெளியில் வந்து இருக்கிறவன் நான். அது அலட்சியம் இல்லை ஐயா. அன்றைக்கு உங்கள் உயிருக்காகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

நமக்கு ஐஸ் என்றால் கொட்பே துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடுகிற கட்டிதான். அதனால் விமானத்தில் ஐஸ் என்றதும் எல்லோரும் பாரத்தைத்தான் நினைக்கிறார்கள், இவ்வளவு பெரிய பிளேனுக்குக் கொஞ்சப் பனி ஒரு சுமையா என்று கேட்கிறார்கள். பாரம் இரண்டாவது பிரச்சினை. விமானத்தைத் தூக்குவது இறக்கையின் வளைவின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் காற்று, அந்த வளைவு வழவழப்பாக இருக்கவேண்டும். தச்சர் மரம் தேய்க்கும் சாண்ட்பேப்பர் அளவுக்குச் சொரசொரப்பாக உறைபனி பிடித்தாலே போதும், தூக்கும் விசை 30 வீதம் வரை குறையலாம், காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை 40 வீதம் வரை கூடலாம். வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் பிடிக்கிற வெள்ளைப் படிவைத் தடவிப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தச் சொரசொரப்புத்தான்.

வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஐஸ் ஒன்று இருக்கிறது. உயரத்தில் நெடுநேரம் பறந்து வந்த விமானத்தின் இறக்கைக்குள் மிஞ்சியிருக்கிற எரிபொருள் கடுங்குளிராக இருக்கும், அதற்கு மேலே மழைத்தண்ணீர் பட்டால் கண்ணாடி போல உறைந்துவிடும், வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஈரமான இறக்கை மாதிரியே மினுங்கும். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி தொட்டுப் பார்ப்பது. ஓர் இரவு லொறியின் உயர்த்தியில் நின்று கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கையில் உள்ளங்கையை வைத்தேன். ஈரம் என்றால் விரல் வழுக்கும், அன்று வழுக்கவில்லை, தோல் ஒட்டிப் பிடித்தது. பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் அதற்குள் எல்லாம் சரி என்று கையைக் காட்டத் தயாராகிவிட்டார். நான் இல்லை என்று தலையாட்டி, திரும்ப அடித்தோம். 1991 மார்கழி 27இல் சுவீடனில் ஸ்கண்டிநேவியன் நிறுவனத்தின் விமானம் ஒன்று இப்படிப்பட்ட ஐஸோடு எழும்பி, அது உடைந்து பின்னால் இருந்த இரண்டு எஞ்சினுக்குள்ளும் போய், இரண்டும் நின்று, வயலில் விழுந்து துண்டுகளானது. 129 பேரும் உயிர் தப்பியது பெரிய அதிசயம்.

இனி அந்த மருந்து. முதலில் அடிப்பது கிளைகோல் என்ற உறையவிடாத இரசாயனமும் தண்ணீரும் கலந்து சுட வைத்த செம்மஞ்சள் திரவம், அது இருக்கிற பனியைக் கரைத்துக் கழுவும். ஜன்னலால் பார்ப்பவர்கள் புகை வருகிறது என்று பயப்படுவார்கள், அது வெறும் ஆவி. உள்ளே இனிப்பாக ஒரு மணமும் வரும், அதற்கும் பயப்பட வேண்டாம். பிறகு பனி தொடர்ந்து கொட்டிக்கொண்டிருந்தால் பச்சை நிறத்தில், பாணி போலத் தடிப்பான இன்னொன்றை மேலே பூசுவோம். புதிதாக விழுகிற பனி இறக்கையில் ஒட்டாமல் அது பிடித்து வைத்திருக்கும், விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது தானாக வழிந்து போய்விடும். ஆனால் அதன் காவலுக்கு ஒரு நேரம் உண்டு. எந்தத் திரவம், எத்தனை மணிக்குப் பூசத் தொடங்கினோம் என்று நாங்கள் விமானிக்குச் சொல்ல, அவர் வெப்பநிலையையும் பனி கொட்டுகிற வேகத்தையும் வைத்து அட்டவணையில் பார்த்துக்கொள்வார். இலேசான பனி என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கும், கடும் பனி என்றால் சில நிமிடங்கள்தான். நேரம் முடிந்தும் வரிசை நகராவிட்டால் திரும்பி வரவேண்டும். ஐயாவுடைய விமானத்துக்கு இரண்டாம் தரம் அடித்தது அதற்காகத்தான் இருக்கும்.

திரும்பி வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டனில் 1982 தை 13 இருக்கிறது. ஏர் புளோரிடா விமானத்துக்குப் பனி கழுவி முடித்துப் புறப்படும்வரை 49 நிமிடம் போய்விட்டது, பனியோ கொட்டிக்கொண்டே இருந்தது, எஞ்சினுக்குச் சூடு கொடுக்கும் சுவிட்சையும் விமானிகள் போடவில்லை. எஞ்சினின் உணர்கருவி ஐஸால் அடைபட்டு எஞ்சின் விசையைப் பொய்யாகக் கூட்டிக் காட்ட, முழு விசை கிடைக்காமலே எழும்பி, பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் வாகனத்தில் போனவர்களையும் சேர்த்து 78 பேர் போனார்கள்.

குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்கவும் வேண்டாம். வாடைக்காலத்தில் திருகோணமலைக் கடலுக்கு மேலே கறுத்து எழும்புகிற முகில்களைப் பாருங்கள். கரையில் நமக்கு வியர்க்கிறது, 16,000 அடிக்குக் கிட்டப் போனால் அங்கே பூச்சியம் பாகை, 35,000 அடியில் மைனஸ் 40 வரும். அந்த இடையில் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் துளியாகவே இருக்கும். கடைக் ஃபிரிட்ஜில் அதிகம் குளிர்ந்த சோடாப் போத்தலைத் திறந்ததும் கண்முன்னே ஐஸாகிவிடுமே, அதே கதைதான். அந்தத் துளி விமானத்தில் பட்டதும் அங்கேயே உறையும். அதனால் ஜெட் விமானங்களில் பெரும்பாலும் எஞ்சினின் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் விடுவார்கள், புரொப்பெல்லர் விமானங்களில் விளிம்பில் உள்ள ரப்பர் உறை ஊதிப் பெருத்து ஐஸை உடைத்துத் தள்ளும். முகிலுக்குள் வெளிவெப்பம் 10 பாகைக்கு வந்தாலே எஞ்சின் சூட்டைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் எஞ்சின் வாய் காற்றை உறிஞ்சும்போதே அது இன்னும் குளிர்ந்துவிடும். ராடரில் பெரிய முகிலைக் கண்டால் சுற்றிப் போவார்கள். 2009 ஆனி 1இல் ஏர் பிரான்ஸ் 447 விழுந்தது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, அத்திலாந்திக்கில். வேகத்தை அளக்கும் குழாய்களை ஐஸ் பளிங்குகள் அடைத்துவிட்டன, விமானத்தைத் தானாக ஓட்டும் தன்னியக்கி விலகியது, பதறிய விமானி மூக்கை மேலே இழுத்துக்கொண்டே இருந்தார். இறக்கை தூக்கும் விசையை இழந்து விமானம் விழ, 228 பேர் இறந்தார்கள். குழாய்கள் சிறிது நேரத்தில் திரும்ப வேலை செய்யத் தொடங்கியும் விமானத்தை மீட்க முடியவில்லை. வேகம் காட்டாவிட்டால் மூக்கை எந்தக் கோணத்தில் வைப்பது, எஞ்சினுக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்று அதற்குப் பிறகு விமானிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

சரி, நான் எழுத வந்த முக்கியமான விஷயம் இதுதான். 1989 பங்குனி 10, கனடாவின் டிரைடன் என்ற சின்ன ஊர். ஏர் ஒன்ராறியோ விமானம் தரித்து நின்றபோது பனி கொட்டியது. துணை மின் எஞ்சின் பழுது, எஞ்சினை நிறுத்தினால் திரும்ப இயக்க அந்த ஊரில் வசதி இல்லை, எஞ்சின் ஓடும்போது அந்த வகை விமானத்தைக் கழுவவும் கூடாது, ஆகவே கழுவாமலே புறப்பட்டது. ஓடுபாதை தாண்டிக் காட்டுக்குள் விழுந்து 24 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் பயணிகளாக வேலையில் இல்லாத இரண்டு விமானிகள் இருந்தார்கள். இறக்கையில் பனி கிடந்ததை அவர்கள் கண்டார்கள். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

தொழில் தெரிந்தவர்களே அப்படி என்றால், நம் அம்மாமாரும் அப்பாமாரும் என்ன செய்வார்கள்? இங்கிலீஷ் வராது, வெள்ளைக்காரப் பிள்ளையிடம் எதைச் சொல்வது என்று கூசிக்கொண்டு இருப்பார்கள். சாப்பாடு பிந்தினால் மட்டும் மணியை அடிப்போம். ஆசிரியர் அவர்களே, கனடா, நோர்வே, லண்டன் என்று போய்வருகிற எங்கள் ஆட்களுக்காக இதை மார்கழிக்கு முன்னரே நாலு வரியிலாவது போடுங்கள்: விமானம் ஓடுபாதைக்குப் போகும்போது இறக்கையில் பனியோ ஐஸோ தெரிந்தால் உடனே மணியை அழுத்துங்கள், பணிப்பெண் வந்தால் இறக்கையைக் கையால் காட்டி "ஸ்னோ" என்று ஒரு சொல் சொன்னாலே போதும், அவர் விமானிக்குச் சொல்வார். பச்சைப் பாணி பூசியிருந்தால் அதுவாகவும் இருக்கலாம், பிழையாகச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

என் அக்கா குடும்பம் மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. மருமகனுக்கு இறக்கை தெரிகிற ஜன்னல் சீட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், என்ன பார்க்கவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகன்,
திருகோணமலை.