காட்டைக் கீற முதல் பச்சையைத் தள்ளி வை

தம்பி,

நீ பாஸ்டலில, அதான் அந்தத் தூள் வண்ணக் குச்சியில, கீறி வாட்ஸ்அப்பில அனுப்பின காட்டுப் படம் பார்த்தன். கை நல்லா வந்திருக்கு, ஆனா அது எந்தக் காடு எண்டுதான் விளங்கேல்ல, திருகோணமலை உப்புவெளியில இருந்துகொண்டு பைன் மரமும் பனிமூட்டமும் கீறி வைச்சிருக்கிறாய். நீ பார்த்துப் பழகிற அந்த யூடியூப்காரருக்கு அது வாசல்ல நிக்கிற மரம். உனக்கு கன்னியாப் பக்கம் போனா பாலையும் வீரையும் முதிரையும் இருக்கே!

எங்கட காட்டில நீ நினைக்கிற அளவுக்குப் பச்சை இல்லை. ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிக்கேக்க போய்ப் பார், புல்லெல்லாம் காய்ஞ்சு காவி நிறம், தூரத்து மரங்கள் சாம்பல் கலந்த நீலம், கிட்ட நிக்கிற வீரையின்ர நிழலுக்குள்ள கிட்டத்தட்ட ஊதா. இலை கொட்டாத மரங்கள் கனக்க நிக்கிறதால பச்சை இருக்கும்தான், ஆனா மங்கின, புழுதி பிடிச்ச பச்சை. பெட்டியில வாற பளிச்செண்ட பச்சைக் குச்சியை அப்பிடியே தேய்ச்சா பிளாஸ்டிக் மாலை மாதிரித்தான் இருக்கும்.

அதால முதல்ல பச்சையே தொடாத. மரக்கூட்டம் வாற இடம் முழுக்க கடும் ஊதா, மண்ணிறம், கடும் நீலம் போடு. பேப்பர் மண்தாள் மாதிரி சொரசொரப்பான பாஸ்டல் பேப்பர் எண்டா பார்மசியில விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை பிரஷ்ஷில தொட்டு அதைக் கரைச்சு விடு, கெதியா காய்ஞ்சிடும், சொரசொரப்பும் அடைபடாது. அதுக்கு மேல மங்கல் பச்சை, கடைசியா வெயில் படுற இடத்துக்கு மட்டும் வெளிர் மஞ்சள்பச்சை. வாட்டர்கலருக்கு நேர்மாறு இது, கடும் நிறத்தில தொடங்கி வெளிறலுக்கு வரவேணும், குச்சியும் இறுக்கமானது முதல், மெத்தெண்டது பிறகு. விரலால தேய்க்கிறது வானத்துக்கு ஓகே, இலையில தேய்ச்சா எல்லாம் கலங்கிப்போகும்.

இலைகளுக்குள்ளால தெரியிற வானத்தை வெள்ளைப் புள்ளியா குத்தி வைச்சிருக்கிறாய். அந்தச் சின்ன ஓட்டை வானம் வெளி வானத்தைவிட ஒரு படி கடுமையா இருக்கவேணும், இல்லாட்டி புள்ளியெல்லாம் மரத்துக்கு முன்னால வந்து நிக்கும்.

இதுக்காக வெயிலுக்க படம் வைச்சுக் கீறுற ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலையச் சொல்லேல்ல. பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா வெளியில நிண்டு கீறுறவையை நக்கலடிச்ச மனுசன், அவரே 1892ல பாரிஸில நிலக்காட்சியா வைச்சு ஒரு கண்காட்சி நடத்தினவர், தட்டில கீறி பேப்பரில ஒத்தி எடுக்கிற மோனோடைப் அச்சுக்கு மேல பாஸ்டல் போட்டது. பயணத்தில பார்த்ததை மனசில வைச்சுக் கீறினவர். நீயும் ஹபரணை பஸ்ஸில போகேக்க போனை வைச்சிட்டு ஜன்னலால பார், போதும்.

தூளை மட்டும் வாயால ஊதாத, சில நிறத்தில கட்மியம் எண்ட நச்சு உலோகம் இருக்கு. பலகையை நிமிர்த்தி வைச்சுக் கீறினா தூள் தானா கீழ விழும். தூள் உதிராமல் பிடிச்சு வைக்கிற பிக்ஸேட்டிவ் ஸ்பிரே அளவா அடி, கூடினா வெளிர் நிறங்கள் கறுத்துப்போகும், நீ கஷ்டப்பட்டு வைச்ச வெயிலெல்லாம் போயிடும்.

பிரேம் போடாமல் மாரி வரைக்கும் வைச்சிருந்தா ஈரத்துக்கு பூஞ்சணம் பிடிக்கும். கடையில பாரம் குறைவு எண்டு கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுவாங்கள், தலையாட்டாத, அதில நிலைமின் ஏறி தூளெல்லாம் இழுபட்டு ஒட்டும். கண்ணாடியே போடு, படத்தில முட்டாம நடுவில மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லு.

அக்கா