விமான டிக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பது?

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. 2027-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்கில் (என்.ஆர்.எல்.) களமிறங்கப்போகும் புது அணியான பெர்த் பேர்ஸில் உன் மகன் இப்போதே உறுப்பினர் ஆகிவிட்டான் என்று எழுதியிருந்தாய். கூடவே, "இந்த அணியாவது நிலைக்குமா, இல்லை 1997 மாதிரி மூட்டை கட்டிவிடுவார்களா?" என்றும் கேட்டிருந்தாய். நிலைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். காரணத்தைச் சொல்ல முதலில் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும்.

1995-ல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஒரே மூச்சில் 4 அணிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆக்லாந்து வாரியர்ஸ், டவுன்ஸ்வில்லில் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ், பிரிஸ்பேனில் இரண்டாவது அணியாக சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸ், பெர்த்தில் வெஸ்டர்ன் ரெட்ஸ். 16 அணி லீக் 20 ஆனது. பெர்த்துக்குக் கிடைத்த உரிமத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: ஆட வரும் எதிரணியின் விமானச் செலவையும் தங்கும் செலவையும் ரெட்ஸே ஏற்க வேண்டும். சிட்னியிலிருந்து பெர்த் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். 22 ரவுண்டில் 11 ஆட்டம் உள்ளூரில், 11 வெளியூரில். ஓர் அணிக்கு ஆட்டக்காரர், பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் சேர்த்து 25 பேர் என்று வைத்துக்கொள். போக வர 275 டிக்கெட் தன் ஆட்களுக்கு, இன்னொரு 275 வருகிறவர்களுக்கு. சிட்னி கிளப் ஒன்று பக்கத்துப் பேட்டைக்குப் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு இரவே வீடு திரும்பும் லீக்கில், ஒரு புது அணி ஆண்டுக்கு 550 டிக்கெட் வாங்கிக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

அதே ஆண்டில்தான் ஊடக முதலாளி மர்டாக், சூப்பர் லீக் என்ற போட்டி லீக்கைத் தொடங்கக் கிளம்பியதால் வந்த யுத்தமும் வெடித்தது. ஆட்டக்காரர்களின் சம்பளம் ஏறிப்போனது. 1997-ல் இரண்டு லீக்குகள் தனித்தனியாக நடந்தன; அந்த ஆண்டு முடிவோடு பெர்த் அணி கலைக்கப்பட்டது. அதன் ஆட்டக்காரர்களில் சிலர் புதிதாகத் தொடங்கிய மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போனார்கள். ஸ்டார்ம் தன் இரண்டாவது ஆண்டிலேயே, 1999-ல், கோப்பையை வென்றது. ஆகவே பெர்த்தில் ஆட்டத் திறமைக்குக் குறைவு இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. குறை உரிமத்தில் இருந்தது.

இந்த முறை என்ன மாறியிருக்கிறது என்றால், முதலில் பணம் வரும் வழி. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 7 ஆண்டுகளுக்கு 65 மில்லியன் டாலருக்குச் சற்று மேல் தருகிறது. அதில் ஒரு பங்கு சிறுவர் ரக்பிக்கு. அடுத்தது, 1908-ல் லீக்கைத் தொடங்கிய கிளப்புகளில் ஒன்றான நார்த் சிட்னி பேர்ஸின் பெயரும் சிவப்பு-கறுப்பு நிறமும் இந்த அணியோடு வருகின்றன. மான்லி கிளப்போடு இணைத்து நார்தர்ன் ஈகிள்ஸ் என்று பெயர் வைத்து, 2002-க்குள் சிதறடித்த கிளப் அது. அதன் ரசிகர்கள் அதற்குப் பின்னும் தங்கள் கிளப்பைக் கைவிடவில்லை. பெர்த் அணி சிட்னிக்கு வரும் ஒவ்வொரு முறையும் கேலரியில் தனக்கென்று ஒரு கூட்டம் இருக்கும். 1995-ல் ரெட்ஸுக்கு அது கிடையாது.

ஆனாலும் அணி சேர்ப்பதுதான் பெரிய பாடு. ஐ.பி.எல். போல இங்கே ஏலம் கிடையாது. லக்னோவும் குஜராத்தும் 2022-ல் வந்தபோது ஏலத்துக்கு முன்பே ஆளுக்கு மூன்று பேரை எடுத்துக்கொள்ள விட்டார்கள். என்.ஆர்.எல்.-இல் புது அணிக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் ஆட்டக்காரரோடு நவம்பர் 1 முதல் பேசலாம், அவ்வளவுதான். முதல் அணியில் 30 பேர் வேண்டும். முன்வரிசைத் தடியர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். கிடைக்காதவர்கள் 1, 6, 7, 9 எண் சட்டைக்காரர்கள். ஆட்டத்தை நடத்துவது இந்த நால்வர்தான். இவர்களை 'ஸ்பைன்' என்பார்கள். நல்ல 7-ஆம் எண் ஆட்டக்காரரை எந்தக் கிளப்பும் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு வரை விட்டுவைப்பதில்லை. அதற்கு முன்பே நான்கைந்து ஆண்டுக்கு நீட்டிவிடும்.

பிரிஸ்பேன் பக்கத்திலிருந்து 17-ஆவது அணியாக வந்த டால்பின்ஸை எடுத்துக்கொள். உரிமம் கிடைத்தது 2021 அக்டோபர், முதல் ஆட்டம் 2023 மார்ச். இடையில் 17 மாதம். வெய்ன் பென்னட் போன்ற பயிற்சியாளரை வைத்துக்கொண்டும் மெல்பர்னிலிருந்து காஃபூசியையும் பிராம்விச் சகோதரர்களையும் கொண்டுவர முடிந்தது, கேமரன் மன்ஸ்டரைக் கொண்டுவர முடியவில்லை. முதல் மூவரும் மோதி முன்னேறும் ஃபார்வர்டுகள். மன்ஸ்டர் 6-ஆம் எண். முதல் ஆட்டத்தில் சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று வீழ்த்தினார்கள், ஆண்டு முடிவில் 13-ஆம் இடம். பெர்த்தும் முதல் ஆண்டில் அந்த அளவில் நின்றால் போதும் என்று மகனிடம் இப்போதே சொல்லிவை.

லீக்கில் அணிகளின் எண்ணிக்கையை ஏன் 17-லிருந்து 18, 19 என்று ஏற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். 16 அணி இருந்தால் வாரம் 8 ஆட்டம். 17 ஆனாலும் 8 ஆட்டம்தான், ஏனென்றால் ஒற்றைப்படையில் ஒரு அணி சும்மா உட்கார வேண்டும். 18 ஆனால்தான் ஒன்பதாவது ஆட்டம் வருகிறது; தொலைக்காட்சிக்கு விற்க உண்மையான புதுச் சரக்கு அதுதான். இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027-ஓடு முடிகிறது, பெர்த் களமிறங்குவதும் 2027. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2028-ல் பப்புவா நியூ கினி வந்து 19 ஆனதும் மறுபடி ஒற்றைப்படை. எனவே 20-ஆவது அணியைப் பற்றிய பேச்சு ஓயாது.

பெர்த்தின் இன்னொரு மதிப்பு கடிகாரத்தில் இருக்கிறது. நியூசிலாந்து சிட்னியை விட 2 மணி முன்னால். அதனால் வெள்ளி மாலை சிட்னி நேரம் 6 மணி ஆட்டம் ஆக்லாந்தில் இரவு 8 மணிக்கு வசதியாக விழுகிறது. பெர்த் 2 மணி பின்னால். சிட்னியில் இரவு 8 என்றால் அங்கே மாலை 6, வேலை முடிந்து வருகிற நேரம். மார்ச்சில் சிட்னியில் கோடைக்காலக் கடிகாரம் ஓடுவதால் வித்தியாசம் 3 மணி. அப்போது பெர்த்தில் மாலை 5. வார நாளில் 5 மணி ஆட்டம் வைத்தால் மைதானம் நிரம்பாது. சிட்னி பார்வையாளருக்காக ஆட்டத்தை முன்னே தள்ளினால் பெர்த் ரசிகன் வரமாட்டான். அவனுக்காகப் பின்னே தள்ளினால் சிட்னியில் டி.வி. பார்ப்பவர் தூங்கிவிடுவார். முதல் 5 வார அட்டவணையை வைத்தே யாருடைய பேச்சு எடுபட்டது என்று தெரிந்துவிடும்.

பப்புவா நியூ கினிக்கு அந்தத் தொல்லை இல்லை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியும் பிரிஸ்பேனும் ஒரே கடிகாரம், 3 மணி நேரப் பயணம். ஆஸ்திரேலிய அரசு 10 ஆண்டுகளில் 600 மில்லியன் டாலர் தருகிறது. சீனாவின் பாதுகாப்புச் செல்வாக்கு அங்கே பெருகக் கூடாது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. அரசியலை விடு. ஆட்டக்காரர் வருமானத்துக்கு அங்கே வரி இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். 5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவில் வரியும் மெடிகேர் என்ற பொது மருத்துவத் தீர்வையும் போக ஏறக்குறைய 3 லட்சம்தான் கையில் நிற்கும். மோர்ஸ்பியில் முழுத்தொகை. ஆனால் குடும்பம் பிரிஸ்பேனில், ஆள் மட்டும் மோர்ஸ்பியில் என்றிருந்தால் ஆஸ்திரேலிய வரித்துறை அவரை வெளிநாட்டில் வசிப்பவர் என்று எளிதில் ஏற்காது. அதனால்தான் மனைவி மக்களோடு தங்க, பாதுகாப்பான குடியிருப்பு வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறார்கள். எனக்கு அந்த அணி மேல் நம்பிக்கை வருவது வேறு காரணத்தால். அங்கே ரக்பி லீக் தேசிய விளையாட்டு. அந்த நாட்டின் பி.என்.ஜி. ஹண்டர்ஸ் அணி 2014 முதல், என்.ஆர்.எல்.-க்கு அடுத்த நிலைப் போட்டியான குயின்ஸ்லாந்து கோப்பையில் ஆடி, 2017-ல் வென்றார்கள். அணி வருவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தூரத்து அணியைச் சேர்ப்பதை, கைகொடுத்தும் கைவிட்டும், இங்கிலாந்து இரண்டு விதமாகவும் செய்து பார்த்தது. 1941-ல், உலகப் போரில் ஜெர்மனிக்கு இணங்கிப்போன பிரான்ஸின் விஷி அரசு ரக்பி லீக்கைத் தடைசெய்து சொத்துகளைப் பறித்த பிறகும் பிரான்ஸின் தெற்கே அந்த ஆட்டம் சாகவில்லை. அந்த மண்ணில், பெர்ப்பின்யானில், இருக்கும் கேட்டலன்ஸ் டிராகன்ஸுக்கு இங்கிலாந்தின் முதல் டிவிஷனான சூப்பர் லீக்கில் (மர்டாக் ஆஸ்திரேலியாவில் நடத்தியது வேறு) 2006-ல் இடம் கொடுத்தார்கள். முதல் 3 ஆண்டு கீழ் டிவிஷனுக்கு இறக்க மாட்டோம் என்று உறுதியும் தந்தார்கள். 2018-ல் அவர்கள் இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையையே வென்றார்கள். கனடாவின் டொரான்டோ வுல்ஃப்பேக் கதை நேர் எதிர். 2017-ல் மூன்றாம் டிவிஷனில் தொடங்கி 2020-ல் சூப்பர் லீக் வரை ஏறினார்கள், மைதானத்தில் கூட்டமும் வந்தது. ஆனால் ஒளிபரப்புப் பணத்தில் பங்கு இல்லை, எதிரணிகளின் பயணச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். பெர்த்துக்கு 1995-ல் போட்ட அதே நிபந்தனை, இம்முறை அட்லாண்டிக் கடலைத் தாண்டி! செலவெல்லாம் ஒரு முதலாளியின் சட்டைப்பையிலிருந்து வந்தது. கொரோனா வந்ததும் அந்தப் பை காலியானது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. ஜூலையில் விலகினார்கள், மறுபடி சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது நவம்பரில் 8-க்கு 4 என்று நிராகரித்தார்கள். சேர்க்கும்போதே பங்கு கொடுக்காதவர்கள், விழுந்த பிறகு கொடுப்பார்களா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது இங்கிலாந்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் 20-க்கு மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள்: ரசிகர் பலம் 5, ஆட்டத்திறன் 5, நிதி 4.5, மைதானம் 3, சமூகம் 2.5. 15 எடுத்தால் 'ஏ' தரம், கீழே இறக்கப்படும் பயம் இல்லை. வேக்ஃபீல்ட் மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே வேக்ஃபீல்ட், காசில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டன் என மூன்று கிளப்புகள் ஒரே ஜனத்தைப் பங்குபோட்டுக்கொண்டு வந்ததால் இந்தக் கணக்கு அங்கே பெரிய சண்டை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வேலை. பேர்ஸ் உள்ளூர் ஆட்டங்களின் தொடக்க நேரம் வெளியானதும் எனக்கு அனுப்பு. முடிந்தால், உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் 13 வயதுக்குட்பட்டோர் அணி எத்தனை நடக்கிறது என்று மகனிடம் விசாரித்து எழுது. 7 ஆண்டு அரசுப் பணம் தீர்ந்த பிறகு அணியில் நிற்கப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அன்புடன்,
ரகு