வன்னி வயலிலும் ஒரு கோபுரம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மலைப் பள்ளத்தாக்கொன்றில் கோபுரம் நாட்டி, காடு மூச்சு விடுவதை அளக்கிறவர்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன்.

கோபுர உச்சியில், காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு அளக்கும் கழியொலிக் காற்றுமானி செக்கனுக்கு 10 அல்லது 20 தரம் காற்றை அளக்கும். பக்கத்தில் காபனீரொட்சைட்டையும் நீராவியையும் செங்கீழ்க் கதிரால் அளக்கும் கருவி. ஏறுகிற சுழிக்காற்று கொண்டுபோவதையும் இறங்குவது கொண்டுவருவதையும் வைத்து அரை மணிக்கொரு கணக்கு. பள்ளத்தாக்கில் இரவானதும் குளிர்ந்த காற்று பாரமாகிச் சரிவால் வழியும். மண்ணும் மரமும் விட்ட காபனீரொட்சைட்டும் அதோடு போய்விடும். உச்சியிலுள்ள கருவிக்கு அது தெரியாது. காடு உள்ளதைவிடக் கூட உறிஞ்சியதாகக் கணக்கு வரும்.

ஆனால் இந்த முறைக்கு உகந்தது சமதரை என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. கருவி நிற்கும் உயரத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு தூரத்துக்கு ஒரே பயிர் நின்றால் நல்லது என்பார்கள். 3 மீற்றர் கம்பத்துக்கு 300 மீற்றர் வயல். இரணைமடுக் குளத்தின் கீழ் அதற்கா பஞ்சம்?

சிறுபோக விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில் குளத்து நீரை அடிக்கணக்கில் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிக்கிறோம். வாய்க்காலில் போவதை அளக்கலாம். ஆடி மாதச் சோளகக் காற்று குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் கொண்டுபோவதை? ஆவியாதலை அளக்க வைக்கும் தட்டில் தண்ணீர் குளத்தைவிடக் கெதியாக வற்றும். அதனால் 0.7 அளவில் ஓர் எண்ணால் பெருக்கிக் குத்துமதிப்பாகச் சொல்கிறோம். அந்த மதிப்பை நம்பி விதைத்து, கதிர் வரும் நேரம் தண்ணீரில்லாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். வயலில் ஒரு கோபுரம் நின்றால், அங்கிருந்து போகிற நீராவியை நேராகவே அளக்கலாம்.

எங்கள் பள்ளிக்கூட மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பிள்ளைகளே பார்த்து எழுதுவார்கள். 11 வருடக் கொப்பிகள் 2009 இடம்பெயர்வோடு போயின. அந்த வருடங்களின் மழையை இனி யாராலும் அளக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வயலும் அருகிலேயே. இந்தக் கோரிக்கையைத் தங்கள் பத்திரிகை அவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். கருவியின் கண்ணாடியில் தூசி படிந்தால் அளவு பிழைக்கும். அதைத் துடைக்க ஆள் தேவையென்றால், கிழமைக்கு ஒருதரம் சைக்கிளில் நான் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி.