'நிஜத்திலும் ஜோடியா?' என்று கேட்பதை நிறுத்துவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியாவின் ஆண்–ஆண் காதல் தொடர்களுக்கு, ரசிகர்கள் மொழியில் 'பிஎல்' தொடர்களுக்கு, தமிழிலும் பார்வையாளர்கள் பெருகிவிட்டார்கள். அவற்றைப் பற்றி எழுதும்போது, நடித்த இருவரின் படத்தைப் போட்டு 'திரையில் மட்டுமா, நிஜத்திலும் ஜோடியா?' என்று ஒரு வரி சேர்க்கும் ஆசை யாருக்கும் வரும். விளையாட்டாகத் தோன்றும் அந்த ஒரு கேள்வியில்தான் அந்த நடிகர்கள் படும் தொல்லையில் பெரும்பகுதி தொடங்குகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வகையில் கொரியாவின் முதல் வலைத்தொடர் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்' 2020இல் வந்தது. எட்டே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். 2022இல் வாட்சா என்ற கொரிய ஓடிடி தளத்தில் வெளியான 'செமான்டிக் எரர்' பெரிய வெற்றி பெற்றது. அதன் நாயகர்களில் ஒருவரான பார்க் சோ-ஹாம், தொடர் முடியும் நேரத்திலேயே, மார்ச் 10 அன்று, கட்டாய ராணுவ சேவைக்குப் போனார். இந்தத் தொடர்களில் நடிப்பவர்கள் பெரும்பாலும் புதுமுகங்கள், அல்லது அதிகம் பேசப்படாத இசைக்குழுக்களின் பாடகர்கள். பின்னால் நிற்பது சிறிய நிறுவனம். தனி வழக்கறிஞர் குழுவும் இருக்காது, பாதுகாவலர்களும் இருக்க மாட்டார்கள். புகழ் மட்டும் பல நாடுகளிலிருந்து ஒரே வாரத்தில் வந்து கொட்டும்.

'ஆதாரம்' எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். இருபது நிமிடப் படப்பிடிப்புப் பின்னணிக் காணொளியிலிருந்து இரண்டு விநாடிப் பார்வை ஒன்றை வெட்டி எடுப்பார்கள். அதைக் கால்பங்கு வேகத்துக்குக் குறைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளி, மெல்லிய பியானோ இசையைச் சேர்ப்பார்கள். அந்த விநாடியில் அந்த நடிகர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளரின் சைகைக்காகக் காத்திருந்திருக்கலாம். வெட்டிய துண்டில் அது தெரியாது. இருவரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தால் அடுத்த ஆதாரம். உடை ஒப்பனையாளர் ஒருவரே என்பதோ, உடை கொடுத்த விளம்பர நிறுவனம் ஒன்றே என்பதோ யாருக்கும் தோன்றாது. தயாரிப்புத் தரப்பும் இதற்குத் தீனி போடுகிறது. ரசிகர் சந்திப்பில் ஒரு பெப்பெரோ பிஸ்கட் குச்சியை இரு முனையிலிருந்தும் கடித்துக்கொண்டு வரும் விளையாட்டு வைப்பார்கள். அது நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கும் ஓர் அம்சம், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பும் ஒரு பெரிய ஓட்டை. கொரியாவில் இளையவர் மூத்தவரை 'ஹ்யொங்' என்பார். ஆண் ஆணைக் கூப்பிடும் 'அண்ணா' அது. ஆங்கில வசன வரிகளில் பெரும்பாலும் அந்தச் சொல் போய், வெறும் பெயர் மட்டும் நிற்கும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்து ரீல்ஸ் போடுகிறவர்கள் அந்தப் பெயரைக் கண்டதும் கொஞ்சலாக ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். நம் மொழியில் அச்சாக அந்தச் சொல் இருக்கும்போதே இப்படி நடப்பதுதான் வேடிக்கை. அதுபோல, 'சோவாஹே' என்றால் பிடிக்கும் என்றும் பொருள், நேசிக்கிறேன் என்றும் பொருள். நூடுல்ஸ் பிடிக்கும் என்பதற்கும் அதே சொல்தான். நேர்காணலில் சக நடிகரைப் பற்றி அந்தச் சொல் வந்தால், 'காதலை ஒப்புக்கொண்டார்' என்ற தலைப்போடு அது கடல் கடந்துவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த நாட்டில் நஷ்டம் நிஜமானது. கொரியாவில் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒருபால் இணையருக்கு உடல்நலக் காப்பீட்டில் சார்ந்தோர் தகுதி கொடுத்ததே பெரிய செய்தி. ராணுவக் குற்றச் சட்டத்தின் 92-6ஆம் பிரிவு, வீரர்களுக்கிடையிலான ஒருபால் உறவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. முகாமுக்கு வெளியே, இருவர் சம்மதத்தோடு நடந்ததற்கு அது பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பிரிவு நீங்கவில்லை. 2023 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லும் என்றது. தரைப்படையில் சேவை பதினெட்டு மாதம். இந்தத் தொடர்களில் நடிக்கும் இளைஞர்களில் அநேகமாக எல்லோரும் அந்த வாசலுக்குள் போய்த்தான் வர வேண்டும். ரசிகர் ஒருவர் அன்பாகத் தொகுத்த 'ஆதாரக் கோப்பு' அந்த வாசலில் எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன நடிகர் ஹொங் சொக்-சொன் தொலைக்காட்சி வாய்ப்புகளை இழந்தார். 2024இல்கூட 'லவ் இன் தி பிக் சிட்டி' தொடருக்குப் பழமைவாதக் குழுக்கள் கிளப்பிய எதிர்ப்பில் அதன் முன்னோட்டக் காணொளிகளை இறக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் 'இப்படி நடிக்காதே' என்ற கூச்சல். மறுபக்கம் 'நீ நிஜத்திலும் இப்படித்தான் என்று நிரூபி' என்ற நெருக்கடி.

தொடர் முடிந்து திரை ஜோடி கலைந்த பிறகு வருவது இன்னும் மோசம். ஒருவருக்கு மட்டும் ரசிகராகி, மற்றவரைக் குத்திக்கொண்டே இருப்பவர்களைக் கொரியர்கள் 'அக்கே' என்கிறார்கள். அடுத்த தொடரில் நாயகியாக வரும் நடிகையின் பக்கத்தில் வசை நிரம்பும். அந்தரங்கத்தையே துரத்தும் 'சசேங்' கூட்டம் வீட்டு வாசலில் நிற்கும், விமானப் பயண விவரத்தைக் காசு கொடுத்து வாங்கும், புகைப்படத்தில் கண்ணாடியில் தெரியும் கட்டடத்தை வைத்து முகவரி கண்டுபிடிக்கும். அதை 'எவ்வளவு திறமை!' என்று பகிர்கிறவரும் அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டித்தான்.

சட்டத்துக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை தருவது முன்பு சில்லறைக் குற்றம். அதிகபட்ச அபராதமே ஒரு லட்சம் வொன் (கொரிய நாணயம்). 2021 அக்டோபர் 21இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம். 2023 திருத்தம் ஒருவருடைய சொந்த விவரங்களை இணையத்தில் பரப்புவதையும், அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்வதையும் இதற்குள் கொண்டுவந்தது. இணைய அவதூறில், சொன்னது உண்மையாகவே இருந்தாலும், கெடுக்கும் நோக்கம் இருந்தால் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பொய் என்றால் ஏழு ஆண்டு. 'நடந்ததைத்தானே சொன்னேன்' என்பது அங்கே தப்பிக்கும் வழியல்ல. ஒருவர் முகத்தைக் கணினியால் பொருத்திச் செய்யும் 'டீப்ஃபேக்' ஆபாசக் காணொளியை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூட 2024 முதல் குற்றம்.

ஆனால் வெறும் வசைக்கான 'அவமதிப்பு' வழக்கைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்க வேண்டும், அதுவும் எழுதியவர் யார் என்று தெரிந்த ஆறு மாதத்துக்குள். புதுமுக நடிகர் இதற்கெல்லாம் எங்கே போவார்? அதனால்தான் ரசிகர்கள் சேர்த்துக் கொடுக்கும் சாட்சியம் முக்கியமாகிறது. 'உன்னைப் பிடிஎஃப் எடுத்துட்டேன்' என்பது கொரிய இணையத்தில் ஒரு மிரட்டல் வாக்கியமே. பதிவின் முழு இணைய முகவரி, கணக்குப் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்து, நிறுவனம் அறிவித்திருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். வசைச் சொல்லை மட்டும் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் பயன்படாது. பதில் எழுதிச் சண்டை போட்டால் எதிராளி பதிவை அழித்துவிட்டு ஓடிவிடுவார். கண்டிப்பதற்காக மேற்கோள் காட்டிப் பகிர்ந்தால், நூறு பேர் பார்த்ததை லட்சம் பேர் பார்ப்பார்கள். கசிந்த முகவரியை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி போடக் கூடாது, மங்கலாக்கியும்தான். வெளிநாட்டுக் கணக்கு என்பதால் பிடிபட மாட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். பாடகி ஜாங் வொன்-யொங் தரப்பு 2023இல் அமெரிக்க நீதிமன்றம் வழியாகவே, அவரைப் பற்றி அவதூறு பரப்பிய ஒரு யூடியூப் கணக்குக்காரரின் அடையாளத்தைப் பெற்றது.

தன்பாலீர்ப்புக் கதையை விற்றுக் காசு பார்க்கிறார்கள், நடிகர்கள் தங்களைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தானே என்று ஒரு வாதம் இருக்கிறது. அதில் பாதி நியாயம். யாரை நடிக்க வைக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியைத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். தனி மனிதரைக் கூண்டில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற ஆண்–ஆண் காதல் தொடரில் நடித்த பிரிட்டிஷ் நடிகர் கிட் கானர் சாட்சி. பதினெட்டு வயதில், 2022 அக்டோபரில், ரசிகர்களின் நெருக்கடியால் அவர் தன் பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவரை நெருக்கியவர்களில் பலர் தங்களை முற்போக்கானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

நாளிதழிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இந்தத் தொடர்களின் படங்களைப் போடும்போது விளக்க வரியில் கதாபாத்திரத்தின் பெயரையும் அடைப்புக்குள் நடிகரின் பெயரையும் போடுங்கள். 'ஜோடி' என்ற சொல் கதாபாத்திரங்களோடு மட்டும் நிற்கட்டும். ரசிகர் பக்கங்களிலிருந்து மேற்கோள் எடுத்தால் கொரிய மூலத்தை ஒருமுறை சரிபாருங்கள்; 'ஹ்யொங்' வந்தால் 'அண்ணா' என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொரியத் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கும் வாசகர்கள் சிலர்