மக்ரூடர் பாதையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைத் தெற்கிலிருந்து வடக்காக, முடிந்தவரை மண்பாதையிலேயே கடந்து வந்து சேர்ந்துவிட்டோம். மூன்று ஆள், மூன்று மோட்டார் சைக்கிள், யாருக்கும் எலும்பு முறியவில்லை. படங்களைப் பார்த்துவிட்டு "கலக்கிட்டீங்க" என்று நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வாழ்த்தில் முக்கால் பங்கு வேறு ஆட்களுக்குப் போக வேண்டியது. அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. முகவரி தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் போட்டாயிற்று. முகவரி தெரியாதவர்களையும், கூட நின்ற நம் ஆட்களையும், அடுத்து இந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

வழியைப் போட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் முதல் வணக்கம். பேக்கன்ட்ரி டிஸ்கவரி ரூட்ஸ், சுருக்கமாக பி.டி.ஆர்., 2010-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. இவர்களுடைய ஐடஹோ வழி நெவாடாவின் வட ஓரத்தில் இருக்கும் ஜார்பிட்ஜ் என்ற சிற்றூரில் தொடங்கிக் கனடா எல்லையில் முடிகிறது. சுமார் 1,250 மைல், அதாவது 2,000 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். தடத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதால் அதன் அருமை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியவில்லை. காட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. மரம் வெட்டப் போட்ட பழைய சாலைகள் கிளை கிளையாகப் பிரியும். வரைபடத்தில் எல்லாம் ஒரே தடிமனில் கோடு. நேரில் போனால் ஒன்று வெள்ளத்தில் அறுந்து கிடக்கும், இன்னொன்று பூட்டிய கேட்டில் போய் முட்டும். யாரோ ஒருவர் அந்த முட்டுச்சந்துகளிலெல்லாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த பிறகுதான் எங்கள் திரையில் ஒரே ஒரு கோடு மிஞ்சியிருக்கிறது. அந்த யாரோவுக்கு நன்றி.

அடுத்தது வனத்துறை அலுவலகத்தின் முன்மேசையில் இருந்த அம்மா. காட்டுத்தீப் பருவம். எங்கே புகை, எந்தக் கிளைப்பாதை மூடியிருக்கிறது, எங்கே இறக்கத்தில் மண் சரிந்திருக்கிறது என்று காகித வரைபடத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். வண்டிகளைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் நிரப்பியாச்சா?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் எத்தனை கேலன் பிடிக்கும் என்றும் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகுதான் எங்களை அனுப்பினார்.

அவர் ஏன் அவ்வளவு கேட்டார் என்பது மக்ரூடர் பாதையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் புரியும். எல்க் சிட்டியை அடுத்த ரெட் ரிவர் வனத்துறை நிலையத்திலிருந்து பக்கத்து மாநிலமான மொன்டானாவின் டார்பி வரை 101 மைல். பெரும்பகுதி ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் மண்ணும் கல்லும். வடக்கே செல்வே-பிட்டர்ரூட், தெற்கே ஃப்ராங்க் சர்ச் - ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன். இரண்டும் இயந்திர வாகனம் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டுக் காக்கப்படும் பெருங்காடுகள். தெற்குக் காடு மட்டுமே 20 லட்சம் ஏக்கருக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் விட்டுவைத்த ஒரு கோடுதான் இந்தப் பாதை. வழியில் பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, போன் சிக்னல் கிடையாது. வழக்கமாக ஜூலை வாக்கில் பனி விலகித் திறக்கும், அக்டோபரில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பாதையின் நடுவாந்தரத்தில்தான் தம்பியின் வண்டி, கவாசாகி கே.எல்.ஆர்., இடப்பக்கமாகச் சாய்ந்தது. பெரிய விழுகை ஒன்றுமில்லை, நடை வேகம்தான். ஆனால் கியர் லீவர் ஒரு பாறையில் மாட்டி உள்பக்கம் மடங்கி, இஞ்சினின் இடப்பக்க மூடியைக் குத்திவிட்டது. துளை என்னவோ ஒரு பட்டாணி அளவுதான். வண்டியை நிமிர்த்தியதும் ஆயில் கோடாக இறங்கத் தொடங்கியது.

டி.ஆர். அண்ணே, அந்த இரண்டு மணி நேரத்துக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நானும் தம்பியும் பதறிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "வண்டியை வலப்பக்கமா படுக்கப் போடுங்க, துளை மேல இருக்கட்டும்" என்றீர்கள். அவ்வளவுதான், ஒழுகல் நின்றது. பிறகு துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து, பிசுபிசுப்பு போகும்வரை துடைத்தீர்கள். ஒரு தடவை துடைத்தாலே எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது. நீங்கள் நாலைந்து தடவை துடைத்தீர்கள். எண்ணெய்ப் பசை இருக்கிற அலுமினியத்தில் எதுவும் ஒட்டாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எம்-சீல் மாதிரி அந்த இரட்டைப் பசையை நீங்கள் விரலில் பிசையும்போது முதலில் இரண்டு நிறமும் வரிவரியாகத் தெரிந்தன. வரி மறைந்து ஒரே நிறம் ஆகும்வரை விடவில்லை. கை சூடேறுகிறது பார் என்று என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். அதைத் துளைக்குள் கொஞ்சம் அழுத்தி, வெளியே ஓரங்களை விரலால் பரத்திவிட்டு, "இனி யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தீர்கள். பொழுது சாய்ந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. குளிரில் பசை இறுக நேரம் பிடிக்கும் என்று இரவு அங்கேயே தங்க முடிவெடுத்ததும் நீங்கள்தான். அந்த முடிவுக்கு நானும் தம்பியும் முகம் சுளித்தோம். காலையில் பசையை நகத்தால் கீறிப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

துளை அடைபட்டது சரி, கொட்டிய ஆயிலுக்கு எங்கே போவது? விடிந்து கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு பழைய பிக்கப் வந்தது. மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த வயதான தம்பதி. நாங்கள் கை காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதையில் யாரும் நிறுத்தாமல் போவதில்லையாம். வண்டியின் பின்னால் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு புட்டி ஆயில் எடுத்தார் அந்தப் பெரியவர். டீசல் இஞ்சினுக்கான 15டபிள்யூ-40. கார் ஆயில் புட்டியும் ஒன்று இருந்தது, அதை அவரே ஒதுக்கி வைத்தார். எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகத் தயாரான கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். மோட்டார் சைக்கிளிலோ கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே ஊறுகின்றன. அந்த ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டீசல் ஆயிலில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் அவர் எங்களுக்கு விளக்கவில்லை, "இதுதான் உங்களுக்கு ஆகும்" என்று நீட்டினார், அவ்வளவே. விளக்கம் அண்ணன் அப்புறம் சொன்னது.

பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அந்த அம்மா பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. டார்பியில் சிக்னல் வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் செய்யுங்கள் என்றார். செய்தோம் அம்மா.

பாதைக்குப் பெயர் வந்த கதையை அந்தப் பெரியவர்தான் ஞாபகப்படுத்தினார். 1863 அக்டோபரில் லாய்ட் மக்ரூடர் என்ற வணிகர், சுரங்க முகாமில் சரக்கு விற்ற பணத்தோடு இந்த வழியாகத் திரும்பும்போது, கூட வந்தவர்களே அவரையும் அவருடைய ஆட்களையும் கொன்றுபோட்டார்கள். அவருடைய நண்பர் ஹில் பீச்சி விடவில்லை. சான் பிரான்சிஸ்கோ வரை துரத்திப் போய்ப் பிடித்துக் கொண்டுவந்தார். 1864-இல் லூயிஸ்டன் ஊரில் மூன்று பேருக்குத் தூக்கு. வழித்துணையே வினையாக வந்த பாதையில் எங்களிடம் ஒருவரும் காசு வாங்காதது, என்ன சொல்வது, கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அக்கா, இப்போது உங்களிடம் வருகிறேன். கையில் இருந்த செயற்கைக்கோள் கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி அனுப்பும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பது வண்டி ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை என்று நான் நினைக்கிறேன். அன்று மதியத்துக்கு மேல் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. பள்ளத்தாக்கின் ஆழத்தில் வானம் குறுகலாகத் தெரியும், செய்தி உடனே மேலே ஏறாது. "வண்டி ரிப்பேர், ஆள் நலம், இரவு இங்கேயே" என்று தட்டிய வரி உங்களை வந்தடைய வெகுநேரம் ஆகியிருக்கிறது. அதற்குள் மற்ற வீடுகளிலிருந்து உங்களுக்கு எத்தனை போன் வந்தது என்று பிறகு தெரிந்தது. அவசர உதவி மையத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: "அந்த அவசரப் பொத்தானை அவங்க அமுக்கலையே, ஏன்?" விபத்து என்றால் மூவரில் ஒருவராவது அமுக்கியிருப்பார் என்று நீங்கள் கணக்குப் போட்டது எவ்வளவு சரி. இன்ன நேரம் வரை செய்தி இல்லையென்றால் கூப்பிடுவது என்று காகிதத்தில் எழுதியும் வைத்திருந்தீர்கள். அந்த நேரத்தை மொன்டானா கணக்கில் இல்லாமல் வடக்கு ஐடஹோ கணக்கில் குறித்திருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் அசந்துபோனேன். மாநில எல்லையான நெஸ் பெர்ஸ் கணவாயைத் தாண்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடிவிடும். வண்டி ஓட்டிய எங்களுக்கே டார்பி போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

மரம் அறுத்தவர்களை நாங்கள் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. தீயில் வெந்து நிற்கும் பைன் மரங்கள் காற்றடித்தால் பாதையின் குறுக்கே சாயும். சின்ன மரமென்றால் எங்கள் கைரம்பமே போதும். இடுப்பளவு உயரத்தில் குறுக்கே கிடந்த ஒன்றுக்கு அடியில், பைகளை எல்லாம் கழற்றி, கண்ணாடியைத் திருப்பி, வண்டிகளைப் படுக்கவைத்து இழுத்தோம். அப்படி ஒன்றுக்கே நாக்கு தள்ளிவிட்டது. அதற்கு மேலே ஏறினால், இரண்டு பக்கமும் புதிதாக அறுத்துத் தள்ளிய அடிமரங்கள். மரத்தூள் இன்னும் மஞ்சளாக இருந்தது, வெட்டு முகத்தில் பிசின் காயவில்லை. எங்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால் யாரோ சங்கிலி ரம்பத்தோடு போயிருக்கிறார்கள். பாதையின் மேல் என்பதால் ரம்பத்துக்கு மோட்டார் இருக்கலாம். பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டால் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவும் கூடாது, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் பழைய ரம்பம்தான். வனத்துறை ஊழியர்களோ, தன்னார்வலர்களோ, உங்கள் தோளுக்கு ஒரு கும்பிடு.

பாதையையே போட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930-களில், வேலையில்லாமல் நாடே தவித்த காலத்தில், இளைஞர்களைத் திரட்டிய சி.சி.சி. என்ற அரசு வேலைப்படை இந்த மக்ரூடர் சாலையை வெட்டியது. வடக்கே லோலோ மோட்டர்வே மலைச்சாலையும் அவர்கள் கைவேலைதான். அதற்கும் முன்னால் இவை இரண்டும் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ் மக்கள் நடந்து நடந்து பழகிய மலைத்தடங்கள். 1805 செப்டம்பரில், மேற்குக் கடலுக்கு வழி தேடிப் போன லூயிஸும் கிளார்க்கும் லோலோ மலைமுகடு வழியாகப் பனியில் மாட்டி, தின்ன ஒன்றும் இல்லாமல் கூட வந்த குதிரைக்குட்டிகளையே அடித்துத் தின்று, அரைப் பிணமாக மறுபுறம் இறங்கினார்கள். அவர்களுக்கு மீனும் கிழங்கும் கொடுத்துத் தேற்றியவர்கள் நெஸ் பெர்ஸ் மக்கள். எழுபத்திரண்டு ஆண்டு கழித்து, 1877-இல், அதே மக்கள் அமெரிக்க ராணுவம் துரத்த இதே தடத்தில் குழந்தை குட்டியோடு ஓடினார்கள். முகட்டில் இதைச் சொல்லும் விவரப் பலகையின் முன்னால் நாங்கள் மூவரும் இஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பஞ்சர் ஒட்டும்போது தன் பெரிய பம்பைக் கொடுத்து, நாங்கள் கையால் அடித்து நுரை தள்ளாமல் காப்பாற்றிய பண்ணைக்காரருக்கு. மழையில் நனைந்து வந்த எங்களுக்குத் தன் கொட்டகையைத் திறந்துவிட்டு, உள்ளே டிராக்டரை நகர்த்தி இடம் பண்ணித் தந்தவருக்கு. டார்பிக்கு வந்த பிறகு பசை போட்ட மூடியைத் தட்டிப் பார்த்து, "இதைக் கழற்ற மாட்டேன், கனடா வரை போகும்" என்று சொல்லிக் கூலி வாங்காமல் அனுப்பிய மெக்கானிக்குக்கு. அவர் சொன்னபடியே போயிற்று.

தம்பி, உன் கே.எல்.ஆருக்குப் புது மூடி வந்துவிட்டது, கேஸ்கெட்டும் சேர்த்து. வரும் சனிக்கிழமை மாட்டிவிடலாம். பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதே, அண்ணன் கேட்கிறார். அண்ணே, உங்கள் டயர் லீவர் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவது எங்கே என்று தம்பியிடம் கேளுங்கள்.

அன்புடன்,
பின்னால் புழுதி தின்றுகொண்டே வந்தவன்