கோபம் மூளும் இடம் மணிக்கணக்குப் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழிலாளர் மனநலம் என்றதும் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள் யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் தையல் லைனில் வாய்ச்சண்டை மூள்வது பெரும்பாலும், மணிக்கொரு தரம் பீஸ் எண்ணி எழுதும் பலகையின் முன்னால்தான்.

டார்கெட் 80, வந்தது 62 என்றால் சூப்பர்வைசர் டெய்லரைப் பிடித்துக்கொள்கிறார். கட்டிங் பிரிவிலிருந்து பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) தாமதமாக வந்திருக்கலாம். ஊசி உடைந்திருக்கலாம். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு காணவில்லை என்றால் அங்குள்ள பீஸ் அத்தனையையும் சோதித்தாக வேண்டும். தன் கையில் இல்லாத குறைக்கு லைன் முழுக்கப் பார்க்க ஏச்சு வாங்கினால் யாருக்கும் மனம் கொதிக்கும். அதிலும் வயதில் மூத்த அக்காக்களை 'வா, போ' என்று பேசுவதை எந்த ஷிப்மென்ட் அவசரமும் நியாயப்படுத்தாது.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். பண்டல் இல்லை, மெஷின் ரிப்பேர், ஊசி, நூல் மாற்றம், ஆல்டர் (பிழையான பீஸைத் திருத்தித் தைப்பது) என ஐந்து குறிகள் போதும். சூப்பர்வைசரே கேட்டு எழுத வேண்டும். கேட்காமல் எழுத முடியாது என்பதால் ஏச்சு தானாகவே கேள்வியாக மாறும். 'ஆள் சரியில்லை' என்ற குறியை மட்டும் உள்ளே விடக்கூடாது. விட்டால் எல்லாக் குறையும் அதில்தான் போய் விழும்.

மெஷின் ஓடும்போது பின்னால் நின்று சத்தம் போடக்கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் விரலில் ஊசி ஏறும்.

டெய்லரே வெடித்துவிட்டால் மெஷினை நிறுத்தி, கத்தரியும் டிரிம்மரும் இல்லாத இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும், அந்தச் சூப்பர்வைசர் வேண்டாம். 20 நிமிடமாவது போகட்டும். பிறகு 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்காமல் 'என்ன நடந்தது' என்று கேளுங்கள். விளக்கக் கடிதத்தில் அன்றே கையெழுத்து வாங்குவதுதான் பல இடங்களில் நடக்கும் பெரிய தவறு. கோபத்தில் எழுதிய ஒரு வரிக்காக நல்ல தொழிலாளி வேலையை விட்டுப் போகிறார்.

தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அடிக்கடி எரிந்து விழுந்தால் முதலில் தூக்கத்தையும் கடனையும் பற்றி விசாரியுங்கள். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழி தெரிந்தவர் பேசட்டும். புரியாத மொழியில் விழும் திட்டு இன்னும் ஆழமாகப் புண்படுத்துகிறது.

20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும், அதில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பெண்கள் நிறைந்த தையல் பிரிவில் அந்தக் குழுவில் பெண் டெய்லர்களும் இருக்க வேண்டும். புகார்ப் பெட்டியைக் கேமரா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆபீஸ் வாசலில் வைத்தால் யாரும் போட மாட்டார்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழோடு இந்தி, ஒடியாவிலும் பேசலாம். இந்த எண்ணைக் கேன்டீனிலும் ஹாஸ்டலிலும் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டும்படி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்னலாடைத் தொழிற்சாலை நல அலுவலர்கள் சிலர்,
திருப்பூர்